சிக்காமல் சுடும் பிஸ்டல்



2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. இந்திய வீராங்கனை மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்த பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் நிமிடங்கள் பறந்துவிட்டன. இறுதிச் சுற்று இரண்டே புள்ளிகளில் கைநழுவியது. அது காற்றழுத்தத்தில் இயங்கும் பிஸ்டல். சுட்டவுடன் காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பாயின்ட் டூ டூ (.22) பிஸ்டலில் பழுது நேர இன்னும் பல இடங்கள் உண்டு. 25 மீட்டர் போட்டிக்கு அப்படியொரு பிஸ்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தப் போட்டியைப் பாருங்கள். பெண்கள் பிரிவில் மொத்தம் 60 தோட்டாக்கள். முதல் 30 நிதானமாகச் சுடுவது: ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 வேகச் சுற்று. இலக்கு மூன்று நொடி முகம் காட்டும், ஏழு நொடி மறையும். அந்த மூன்று நொடிக்குள் தாழ்ந்திருக்கும் கையை உயர்த்திக் குறிபார்த்து ஒரு தோட்டா சுட வேண்டும். ஆண்களின் ரேபிட் ஃபயர் இதைவிடக் கடுமை. வரிசையாக ஐந்து இலக்குகள். எட்டு நொடி, ஆறு நொடி, கடைசியில் நான்கே நொடியில் ஐந்தையும் சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். நான்கு நொடித் தொடரின் நடுவில் ஓர் உறை சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? விதிப்படி கையை உயர்த்தி அதிகாரியை அழைக்கலாம். பிஸ்டலை நீங்களே திறந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். ஒவ்வொரு 30 தோட்டாச் சுற்றிலும் ஒரு முறைதான் இந்தச் சலுகை. சலுகை கிடைத்தாலும், கலைந்த மனத்தை யார் சரிசெய்து தருவார்கள்?

பிஸ்டல் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் துல்லியத்தைத்தான் விசாரிக்கிறார்கள். வேகச் சுற்று இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10 சென்டிமீட்டர் அகலம். நிதானச் சுற்றில் 5 சென்டிமீட்டர். ஒரு நல்ல போட்டிப் பிஸ்டலை இறுகப் பிடித்துவைத்துச் சுட்டால், தோட்டாக்கள் அதைவிட மிகச் சிறிய இடத்துக்குள் விழும். வட்டத்துக்கு வெளியே போவது நம் கை. ஆகவே விசாரிக்க வேண்டியது நம்பகத்தன்மையை.

இந்தப் பிஸ்டல்கள் சிக்கிக்கொள்வதற்கு, இவை சுடும் ரிம்ஃபயர் தோட்டாவின் அமைப்பே காரணம். தீப்பற்றும் மருந்து அதன் அடி விளிம்புக்குள் மெல்லிய பூச்சாக இருக்கிறது. ஃபயரிங் பின் விளிம்பின் எந்த இடத்தில் அடித்தாலும் பற்ற வேண்டும். அந்த இடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லை என்றால் பற்றாது. துருத்தி நிற்கும் அந்த விளிம்பு மேகசினுக்குள் இன்னொரு தோட்டாவின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். குண்டு வெறும் ஈயம். மேலே மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருக்கும்; அது கரியோடு சேர்ந்து குழலில் தோட்டா நுழையும் பின்வாயில் படியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சின்னத் தோட்டாவின் உந்துவிசை குறைவு. அந்தக் குறைந்த விசையில்தான் போல்ட் என்ற ஓடும் பாகம் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்னே போய், உறையை எறிந்து, அடுத்ததை அள்ளிக்கொண்டு வர வேண்டும். தோட்டா பலவீனமாக இருந்தால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். சாதாரண வேகத் தோட்டாவுக்காகச் செய்த பிஸ்டலில் அதிவேகத் தோட்டாவைப் போட்டால் பாகங்கள் அடிபட்டுத் தேயும். பிஸ்டல், மேகசின், தோட்டா மூன்றும் ஒரே இயந்திரம் என்று நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

எதை வாங்கலாம்? கருவியின் எடை 1,400 கிராமுக்கு மேல் போகக்கூடாது, டிரிகர் இழுப்பு ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே எல்லைக்குள்தான் வேலை செய்கிறார்கள். இத்தாலியின் பார்டினி எஸ்பியில் குழல் கைக்கு மேல் தாழ்வாக அமைந்திருக்கிறது. சுட்டதும் முனை அதிகம் துள்ளாது. வேகச் சுற்றுக்கு அது பெரிய வரம். ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி 1968இல் வந்தது. மேகசின் டிரிகருக்கு முன்னால் இருப்பதால் முன்பாரம் அதிகம். குறி அசையாமல் நிற்கும். அமெரிக்காவின் ரூகர் 1949 முதல் புகழ்பெற்றது. எந்தத் தோட்டாவையும் பெரும்பாலும் மறுக்காமல் சுடும், ஆனால் அதன் டிரிகரும் கிரிப்பும் இந்தப் போட்டிக்கென்று செய்தவை அல்ல.

சோவியத்தின் மார்கோலின் பிஸ்டலைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. அதை வடிவமைத்த மிகைல் மார்கோலின், தலையில் பட்ட காயத்தால் இளம் வயதிலேயே பார்வை இழந்தவர். விரல்களின் உணர்வை நம்பியே கருவிகளை உருவாக்கினார். பின்பக்கக் குறியை ஓடும் பாகத்தின் மேல் வைக்காமல், அசையாத ஒரு பாலத்தின் மேல் வைத்தார். குறிபார்ப்பவரின் தேவையை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர் கண் தெரியாதவர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதல் பிஸ்டல் வாங்குபவருக்கு என் பரிந்துரை, நன்றாகப் பராமரித்த பழைய ஜிஎஸ்பி. ஆனால் பழையதை வாங்கும்போது குழலில் தோட்டா நுழையும் பின்வாய் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறுமனே டிரிகரைத் தட்டிப் பழகியிருந்தால், ஃபயரிங் பின் அடித்த பள்ளம் அங்கே இருக்கலாம். மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, உறையை இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உதிரி மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். சிக்கல் வந்தால் குற்றம் மேகசினிலா பிஸ்டலிலா என்று உடனே தெரியும்.

நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டும். அதனால் முதலில் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் பிஸ்டலில், பயிற்சியாளரின் பார்வையில் பழகுங்கள். வாங்கும் நாள் வரும்போது, ஆண்டு முழுதும் உங்களால் வாங்க முடிகிற தோட்டாவையே ரேஞ்சுக்குக் கொண்டுபோங்கள். நடுவில் துடைக்காமல் இருநூறு தோட்டாக்கள் சுட்டுப் பாருங்கள். மீண்டும் மீண்டும் சிக்குகிற பிஸ்டல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.