புதிய பேட்டரியும் சேமநிதிப் பணமும்



தோட்டத்து லயங்களில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும் காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கு மேலும் படம் பார்க்க வேண்டுமானால் தொலைக்காட்சிப் பெட்டியைக் கார் பேட்டரியோடு இணைப்போம். பேட்டரி தீர்ந்ததும் சைக்கிளின் பின்னால் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜ் ஏற்றி வருவோம். அதை வாங்கும்போது நம் பெரியவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எத்தனை இரவு வரும்? எத்தனை வருடம் உழைக்கும்? கெட்டுப்போனால் கடைக்காரர் மாற்றித் தருவாரா?

இந்தக் கேள்விகள் மீண்டும் தேவைப்படுகின்றன. நமது பேராக் மாநிலத்தில், தஞ்சோங் மாலிமில், புரோட்டோன் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பால் மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார்கள். கூடவே, “புதிய பேட்டரி கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, பணம் போடுங்கள்” என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வருபவர்களும் உண்டு. 2024 மே முதல் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் அல்லவா? ஆசை காட்டுகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

புதிய பேட்டரி கம்பெனியை எப்படி எடைபோடுவது? தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம், தனக்கு வேண்டிய மின்கலங்களைத் தானே செய்ய முனைந்தது. மின்கலம் என்பது பேட்டரிக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் சிறு உருளை. தன் முதல் மின்கலத்தை அந்த நிறுவனம் 2022 ஜூலையில் காட்டியது. பின்னர் 46 மில்லிமீட்டர் குறுக்களவும் 80 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பெரிய மின்கலத்துக்கு மாறியது. இது பழையதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பருமன். அரசாங்க ஊக்கத் திட்டத்தில் அதற்குக் கிடைத்த ஒதுக்கீடு 20 கிகாவாட் மணி. ஒரு ஸ்கூட்டருக்கு 4 கிலோவாட் மணி என்று கணக்குப் போட்டால், 50 லட்சம் ஸ்கூட்டர்களுக்கு அது போதும்!

நடந்தது என்ன? முதல் கட்டம் குறித்த தேதியில் முடியாததால் 2025 மார்ச்சில் அரசாங்கத் தரப்பிலிருந்து கடிதம் வந்தது. சொந்த மின்கலம் பொருத்திய ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்கு வந்தது அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். மேடையில் காட்டியதற்கும் சாலையில் ஓடியதற்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. மின்கலத் தொழில் அத்தனை கடினமானது. ஆனால் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த அதன் பங்கு, அதே மாதத்தில் 150 ரூபாயைத் தாண்டி, 2025 நடுவில் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சுவீடனில் 2016இல் தொடங்கிய நோர்த்வோல்ட் கம்பெனியின் கதை இன்னும் கசப்பானது. பெரிய கார் கம்பெனிகளே அதை நம்பிப் பணம் போட்டிருந்தன. நல்ல மின்கலங்களைப் போதுமான எண்ணிக்கையில் உரிய நேரத்தில் செய்து கொடுக்க அதனால் முடியவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் பெரிய ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் கம்பெனி நொடித்துப்போனது. ஆய்வுக்கூடத்தில் பத்து மின்கலம் நன்றாக அமைவது வேறு, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு. நம் வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவர் திருவிழாவுக்குச் சமைக்கப் போன கதைதான்.

ஆகவே, வருகிறவர் “ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும்” என்றால், எத்தனை தடவை அப்படி ஏற்றலாம் என்று கேளுங்கள். ஆயிரம் தடவை என்றால், இரண்டு நாளைக்கு ஒரு முறை ஏற்றுபவருக்கு ஐந்தரை வருடம் வரும்; இருநூறு தடவை என்றால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் தேறும். குளிர்நாட்டில் சோதித்ததா, நம் ஈப்போ வெயிலில் சோதித்ததா? சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா?

பணம் கேட்டால், பங்குப் பத்திர ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்தப் பேட்டரியால் ஓடும் வண்டி ஒன்றை ஈப்போவில் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டே மற்றப் பேச்சைத் தொடங்குங்கள்.