தண்ணீர் சுமக்கும் வண்டி



பெக்கான் நானாஸ் என்றதும் அன்னாசிதான் நம் நினைவுக்கு வரும். பொந்தியான் மாவட்டத்து மெத்தென்ற கரிமண்ணில் விளையும் அன்னாசியே அவ்வூருக்குப் பெயரையும் கொடுத்தது. அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை, “அப்பா, நான் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் தொழில் தொடங்கப் போகிறேன். பிக்கப் வண்டி ஒன்று வாங்க வேண்டும்” என்று கேட்டால், பெற்றோர் திகைப்பது இயல்புதானே? கண்ணாடி துடைக்க ஒரு வாளியும் துணியும் போதாதா என்பார்கள்.

போதாது. துடைக்க வேண்டிய கண்ணாடிகள் பெக்கான் நானாஸில் அதிகம் இல்லை. 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஒரு பக்கம் போனால் ஸ்கூடாய், இஸ்கண்டார் புத்ரி. மறு பக்கம் போனால் பொந்தியான் பட்டணம். கடை வரிசைகள், மருந்தகங்கள், கார் விற்பனைக் கூடங்கள் எல்லாம் அங்கேதான். ஏணி, நீண்ட கழி, பம்பு, தண்ணீர் ஆகியவற்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது.

தண்ணீரை ஏன் தூக்கிச் செல்ல வேண்டும், போகிற இடத்தில் குழாய் இருக்காதா என்று கேட்கலாம். குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள், நீர் உலர்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படியும். அந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய நீரைக் கழியின் நுனியிலுள்ள தூரிகை வழியாகச் செலுத்திக் கழுவினால், துடைக்காமலே கண்ணாடி தெளிவாக உலரும். தொழிலாளி தரையில் நின்றபடியே இரண்டாம் மாடி வரை கழுவிவிடலாம். பிரிட்டனில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான விதிகள் 2005இல் வந்த பிறகு, ஏணியை விட்டு இந்த முறைக்கு மாறியவர்கள் பலர். நம் கரிமண் கால்வாயில் ஓடும் தேநீர் நிறத் தண்ணீரை மட்டும் இவ்வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்!

இனி வண்டிக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 400 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 400 கிலோ. தொட்டி, பம்பு, வடிகட்டி எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏணி, வாளி வகையறா 40 கிலோ. ஆட்கள் இருவர் 140 கிலோ. ஆகக் கூடி 640 கிலோ. இந்த ஒரு கணக்குத்தான் எந்த வண்டி வாங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வண்டியின் முகமும் சக்கரத்தின் பளபளப்பும் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று சுமையில்லாத எடை. மலாயில் ‘பெராத் தன்பா முவாத்தான்’. மற்றது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்படும் எடை. ‘பெராத் டெங்ஙான் முவாத்தான்’. (இவற்றின் சுருக்க எழுத்துகளைத் தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால்தான் முழுப் பெயரையும் சொல்கிறேன்.) பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். 640 கிலோவுக்கு மேலும் நூறு, நூற்றைம்பது கிலோ இடம் மிச்சமிருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

எடை மட்டுமல்ல, தண்ணீர் அலைமோதவும் செய்யும். காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிறைந்த வாளியைவிட அரைவாளிதான் ஆளைத் தள்ளாட வைக்கும். வளைவில் திரும்பும்போதும் திடீரென பிரேக் பிடிக்கும்போதும் அரைத்தொட்டித் தண்ணீர் வண்டியையும் அப்படித்தான் இழுக்கும். ஆகவே உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியை வாங்கி, ஓட்டுநர் அறையை ஒட்டி, பின் அச்சுக்கு முன்பாக வைத்து, வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கயிற்றால் கட்டுவது ஆபத்து. மோதல் நேர்ந்தால் 400 கிலோ நேராக முதுகுப் பக்கம் வரும்.

இளைஞர்கள் பெரும்பாலும் நான்கு கதவு வைத்த டபுள் கேப் வண்டியைத்தான் விரும்புகிறார்கள். குடும்பத்தையும் ஏற்றிக்கொள்ளலாம், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் அதன் பின்தளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளந்தான். தொட்டியை வைத்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமேது? இரண்டு கதவுள்ள ஒற்றை அறை வண்டியில் தளம் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும், விலையும் குறைவு. நான்கு சக்கர இயக்கமும் இத்தொழிலுக்குத் தேவையில்லை. செம்பனைக் குலை ஏற்றக் காட்டுச் சேற்றில் இறங்குபவருக்கு அது வேண்டும். தார்ச்சாலையிலேயே ஓடுபவருக்கு அது வீண் செலவு.

டீசலா, பெட்ரோலா? தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. அதன் பிறகு அது சந்தையை ஒட்டி மாறும் விலையாகிவிட்டது. நாளொன்றுக்கு மூன்று நான்கு இடங்களுக்கு மட்டுமே போகும் தொழிலுக்கு, ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இயந்திரம் கொண்ட சிறிய பிக்கப் போதும் என்பது என் கருத்து. ஆனால் சுமைக் கணக்கில் அது தேற வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் வண்டிகளில் அன்னாசியும் உரமும் ஏற்றியவை இருக்கும். அன்னாசிச் சாறு புளிப்பு, உரம் உப்பு. இரண்டும் இரும்பை அரிக்கும். மேலே புதுச் சாயம் பூசியிருக்கும். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, சட்டத்தைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். உரிமை மாற்றத்திற்கு முன் புஸ்பகோம் சோதனை உண்டுதான். ஆனால் அது வரை காத்திருந்து முன்பணத்தை மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கட்ட வேண்டும். அப்பாவின் சேமநிதிப் பணம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால், முதல் இரண்டு மாதம் வேலை குறைந்தபோது தவணை எங்கிருந்து வரும்? இந்திய சமூகத்துச் சிறுதொழில் முனைவோருக்கென டெக்குன் நேஷனலில் ‘ஸ்பூமி’ என்ற கடன் திட்டம் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக இல்லாதவரை வண்டிக் கடைப் பக்கமே போகாதிருப்பது நல்லது. அதுவரை பழைய வேனை வாடகைக்கு எடுத்து, சிறிய தொட்டியோடு வாரம் இரண்டு நாள் வேலை பார்க்கலாம்.

கடைசியாக, சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு அபாட் நிறுவனம் ‘சி’ வகை உரிமம் வழங்குகிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிக்கு அது தேவையா, ஓட்டுபவருக்குத் தனி உரிமம் வேண்டுமா என்பதை, பக்கவாட்டில் எழுதியுள்ள அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு போய், அபாட்டிலும் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.