பேரல் பச்சை, மூடி நீலம்

இந்த வாரம் பேனாவோட நிறம் பத்திப் பேசலாம். போன மாசம் நான் பண்ணின ஒரு சொதப்பல்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பாகிட்ட கரும்பச்சை ரெசின் பேனா ஒண்ணு இருக்கு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கினது. அதோட மூடியில விரிசல். பேனா கடைஞ்சு தர்ற பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கே இருந்த அக்ரிலிக் ராடுகளை ஒவ்வொண்ணா பேரல் பக்கத்துல வச்சுப் பார்த்து, எல்இடி ட்யூப்லைட் வெளிச்சத்துல அச்சு அசலா பொருந்தினதை எடுத்தேன். எடுத்தது நான்தான், பட்டறைக்காரர் மேல தப்பில்லை. மறுநாள் காலையில அப்பா வாசல்ல உட்கார்ந்து பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரல் பச்சை. மூடி கிட்டத்தட்ட நீலம். "நல்லாத்தான்டா இருக்கு"ன்னார். அந்த 'தான்' இருக்கே!

இதுக்குப் பேர் மெட்டாமெரிசம். நம்ம கண்ல நிறத்துக்குன்னு மூணு வகை கூம்பு செல்கள்தான். ஒளியில எத்தனை அலைநீளம் கலந்து வந்தாலும், கண் அதை மூணு எண்ணாச் சுருக்கிடும். கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, இது ஹேஷ் கொலிஷன். ரெண்டு வேற வேற இன்புட், ஒரே அவுட்புட். வெளிச்சத்தை மாத்தினா இன்புட் மாறும், குட்டு வெளிப்படும்.

நம்ம வீட்டு வெள்ளை எல்இடி உண்மையில நீல எல்இடி. மேல பூசின பாஸ்பர் அந்த நீலத்துல ஒரு பகுதியை மஞ்சளா மாத்துது. அதனால 450 நானோமீட்டர் பக்கம் ஒரு உச்சி, 480 பக்கம் ஒரு பள்ளம். புது மூடியோட சாயம் அந்தப் பள்ளத்துலதான் அதிகமாப் பிரதிபலிச்சிருக்கணும்னு நினைக்கிறேன். ட்யூப்லைட்ல அங்கே ஒளியே குறைவு, அதனால தெரியலை. சூரிய ஒளியில பள்ளம் கிடையாது.

'சிஆர்ஐ 80'னு பல்பு டப்பாவுல போட்டிருப்பாங்களே, அதையும் முழுசா நம்பாதீங்க. அது 8 வெளிறின மாதிரி நிறங்களோட சராசரி. அடர் சிவப்பு, அதாவது ஆர்9, அந்தக் கணக்குலயே வராது. சிவப்பு ரெசின் பேனா மேசை விளக்குல செங்கல் மாதிரி மங்கித் தெரியறதுக்கு இது ஒரு காரணம்.

ஒளி ஊடுருவுற ரெசின்னா இன்னும் சிக்கல். உள்ளே என்ன மை இருக்கு, சுவர் எவ்வளவு தடிமன், எல்லாமே நிறத்தை மாத்தும். ஆன்லைன்ல வாங்குறவங்க, ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடத்துல, பக்கத்துல வெள்ளைத் தாள் வச்சு எடுத்த படம் கேளுங்க. ஃபோன் கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானா மாத்திடும். தாள் மஞ்சளாவோ நீலமாவோ இருந்தா, படத்துல தெரியற பேனா நிறத்தையும் நம்ப முடியாது.

சரி, மூடி என்னாச்சு? வேற ராடு பார்க்கலாம்னு அப்பாவைக் கூப்பிட்டேன். வேண்டாம்னுட்டார். அவர் எழுதுறது ராத்திரி ஹால்ல, ட்யூப்லைட்டுக்குக் கீழே. பகல்ல பேனா சட்டைப் பாக்கெட்ல இருக்கும். வெளியே தெரியறது மூடி மட்டும்தான்.