திரை ஏன் மங்குகிறது?

வீட்டு கம்ப்யூட்டரில் புது மென்பொருள் போடப் போனால், திரை சட்டென்று மங்கி, அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கேள்வி 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. தொட்டதற்கெல்லாம் கேட்டு ஆளைப் படுத்தி எடுத்தது. அதனால் 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது, நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ள நான்கு படிகள் வைத்தார்கள். எரிச்சலில் அடிமட்டத்துக்கே இறக்கி வைக்கிறவர்களும் உண்டு. வேண்டாத வேலை!

திரை மங்குவது வெறும் அலங்காரம் இல்லை. அந்த நேரத்தில் மற்ற செயலிகள் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. நமக்குப் பதிலாக ஒரு வைரஸ் 'ஆம்' என்று அழுத்திவிடக் கூடாது அல்லவா? பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் இருக்கும். விண்டோஸ் 10-இல் அது சரிபார்த்த பெயரானால் மேல்பட்டை நீலம். ஆள் யாரென்றே தெரியாவிட்டால் மஞ்சள். நீங்கள் எதையும் தொடாதபோது பெட்டி தானாக எழுந்தால், தயங்காமல் 'இல்லை' சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். அப்போது பெட்டி பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் வந்து அடித்தால்தான் வேலை நடக்கும். அந்த பாஸ்வேர்டு பையனின் பிறந்த தேதியாக மட்டும் இருக்க வேண்டாம்.