அணைக்கு 66 அடி, மென்பொருளுக்கு என்ன அளவு?



வைகை அணையில் 66 அடி என்றால் என்ன அர்த்தம் என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மழை கொட்டும்போது உட்கார்ந்து யோசித்த எண்கள் அல்ல இவை. முன்கூட்டியே முடிவு செய்து வைத்தவை. அதனால்தான் ராத்திரி ரெண்டு மணிக்கும் கரையோர ஊர்களுக்குத் தகவல் போகிறது.

இப்போ உங்க கையில் இருக்கும் போனுக்கு வருவோம். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீங்க. எல்லாம் நிரப்பியாச்சு. பணம் கட்டும் இடத்தில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கோளாறு போனிலா, டவரிலா, சர்வரிலா, வங்கிப் பக்கமா? உங்களுக்குத் தெரியாதது பெரிய விஷயமில்லை. சேவையை நடத்துகிறவருக்கும் தெரியவில்லை என்றால்தான் ஆபத்து. கல்லூரிச் சேர்க்கைக்கு நாளைக்குக் கடைசி நாள் என்றால், ஒரு பிள்ளையின் படிப்பே அந்த வட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கும் வேலைக்கு அப்சர்வபிலிட்டி என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும். விஷயம் நம்ம ஊர் தண்ணீர் மாதிரிதான். அணையின் நீர்மட்டம் ஒரு எண், அது அளவீடு. எத்தனை மணிக்கு எந்த ஷட்டரைத் திறந்தார்கள் என்று எழுதி வைப்பது பதிவு. மூன்றாவது, தடம். தேக்கடியில் திறந்த தண்ணீர் லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம் தாண்டி சின்னமனூருக்கு வரத் தாமதமானால், எந்த இடத்தில் தேங்கியது என்று வழி நெடுகப் பார்ப்போம் இல்லையா, அதுதான் தடம். உங்க விண்ணப்பமும் அப்படி ஏழெட்டு கணினிகளைத் தாண்டித்தான் போகிறது.

இந்த வேலைக்கான கருவிகளில் உலகம் முழுக்கப் பயன்படும் சில, திறந்த மூல மென்பொருள்கள். ப்ரோமிதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசை நிறுவனத்தில் தொடங்கியது. 2016-இல் ஒரு பொது அறக்கட்டளையின் கீழ் வந்தது. ஓபன்டெலிமெட்ரி, 2019-இல் இரண்டு திட்டங்கள் ஒன்றாகிப் பிறந்தது. இவற்றுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. பல நிறுவன ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். மத்திய அரசும் 2015-லேயே திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அதனால் இது யாரோ எங்கேயோ செய்யும் வேலை என்று விட்டுவிட முடியாது.

உத்தரவு போட ஆளில்லாத இடத்தில் ஆண்டுத் திட்டம் எப்படிப் போடுவது?

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியைக் கேளுங்க. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் 1-இல் தண்ணீர் திறப்பது வழக்கம். ஆனால் பெரியாறு நீர்மட்டம் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும். "தண்ணி இருந்தா ரெண்டு போகம், இல்லேன்னா ஒண்ணு" என்றுதான் கணக்கு. திறந்த மூலத் திட்டத்தில் தன்னார்வலரின் நேரம்தான் தண்ணீர். அதை அளக்காமல் நாற்பது வேலையை எழுதி வைத்தால், டிசம்பரில் நாற்பதும் அரைகுறையாகக் கிடக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஆள் பெயர் இல்லையென்றால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது என்பேன்.

ஓபன்டெலிமெட்ரி எடுத்த வரிசையைப் பாருங்க. மூன்றையும் ஒரே நேரத்தில் முடிக்கிறோம் என்று குதிக்கவில்லை. 2021-இல் தடத்துக்கான விதிமுறை 1.0 ஆனது. அளவீடு 2022-இல், பதிவு 2023-இல் நிலைபெற்றன. ப்ரோமிதியஸ் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சிறு பதிப்பு வெளியிடும் வழக்கம் உள்ளது. ஆனால் 2017-இல் வந்த 2.0-க்குப் பிறகு 3.0 வந்தது 2024 நவம்பரில்தான். ஏழு வருஷம். நடுவில் பழைய பதிப்பை நம்பியிருந்தவர்களைக் கைவிடாமல் போனார்கள்.

அந்த 3.0-இல் நமக்கு ஒரு சந்தோஷம். அதுவரை அளவீட்டின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஒன்றிரண்டு குறிகள் தவிர எதுவும் கூடாது. இப்போது யூனிகோட் எழுத்துகள் செல்லும். 'காத்திருப்பு_நேரம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். போடியிலும் தேனியிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் இதைச் சோதித்துப் பார்த்து, எங்கே எழுத்து உடைகிறது என்று எழுதி அனுப்பினால் அதுவே பங்களிப்பு. கோடு எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. விளக்க ஆவணம் எழுதுகிறவர்களுக்குத்தான் எல்லாத் திட்டத்திலும் பஞ்சம்.

ஒரு குறிக்கோளை மட்டும் எந்த ஆண்டும் தள்ளிப்போடக் கூடாது. பதிவுகளில் தெரியாமல் ஆதார் எண்ணோ, கைபேசி எண்ணோ, ஓடிபியோ சேர்ந்துவிடலாம். கண்காணிக்க வேண்டியது மென்பொருளைத்தான், உங்களை இல்லை. அவற்றை மறைக்கும் வசதி ஓபன்டெலிமெட்ரியில் உண்டு. ஆனால் நிறுவுகிறவர் அதைச் சரியாக அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால் வசதி இருந்தும் பயனில்லை.

உங்க பக்கம் செய்யக்கூடியதும் இருக்கு. "சைட் ஓடல" என்று மட்டும் சொன்னால் தேடுகிறவருக்கு நூல் கிடைக்காது. எந்தச் சேவை, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் படியில் நின்றது, திரையில் வந்த வாசகம் என்ன, விண்ணப்ப எண் என்ன என்று சொல்லுங்க. நேரம் நிமிடக் கணக்கில் இருந்தால் ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து உங்களுடையதைப் பிடித்துவிடலாம். முதலமைச்சர் உதவி மையம் 1100-க்குப் பேசினாலும் இதே விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போது ஆதார் எண்ணை மறைத்துவிடுங்க. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க.

வட்டம் சுத்தும்போது அவசரப்பட்டு இன்னொரு தடவை பணம் கட்டாதீங்க. முதலில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்க, பிறகு விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்க. பணம் போய் விண்ணப்பம் பதிவாகவில்லை என்றால், அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்க.