பெண்ணுக்கு வேண்டுவது பூட்டல்ல, சிகிச்சை இல்லம்!

(திருகோணமலை மாவட்டம் தோப்பூரில் நடைபெற்ற மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



போதைப்பொருளை ஒழிப்போம் என்று முழங்காத மேடை இன்று இலங்கையிலே இல்லை. ஒழிக்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அம்மேடைகளிலே பெண் எப்படித் தோன்றுகிறாள்? குடிகாரனின் மனைவியாகத் தோன்றுகிறாள். தூளுக்கு அடிமையான மகனின் தாயாகத் தோன்றுகிறாள். தானே அந்நோய்க்கு ஆளான பெண்ணைப் பற்றிப் பேச மட்டும் எவருக்கும் நா எழுவதில்லை. அவளைப் பற்றிப் பேசவே நாம் இங்கு வந்திருக்கிறோம்.

அப்படியும் பெண்கள் உண்டோ என்று சிலர் கேட்பர். உண்டு. போதைப்பொருள், குற்றம் ஆகியவற்றுக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் 2015 இல் வெளியிட்ட அறிக்கை கூறுவதைக் கேளுங்கள். உலகில் போதைப்பொருள் பாவிப்போரில் மூவருக்கு ஒருவர் பெண். சிகிச்சை பெறுவோரிலோ ஐவருக்கு ஒருவர்தான் பெண். நோயாளிகளின் கணக்கிலே இருப்பவள் சிகிச்சைக் கூடத்திலே இல்லை! எங்கே போனாள்? வீட்டுக் கதவின் பின்னே ஒளிந்திருக்கிறாள். அல்லது சிறைக்கதவின் பின்னே அடைபட்டிருக்கிறாள்.

பெண் இவ்வலையிலே விழும் வழியும் வேறு. பலரைப் பழக்கிவிடுபவன் கணவனாகவோ காதலனாகவோ இருக்கிறான். வேறு பலர் உடல்நோவுக்கும் உறக்கமின்மைக்கும் என விழுங்கத் தொடங்கிய மாத்திரையே பின்னர் விலங்காகிறது. 2004 இல் கடல் பொங்கியது. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் மக்கள் குழந்தை குட்டிகளோடு கந்தளாய்க்கு ஓடினர். உறக்கமின்மை என்றால் என்னவென்று இம்மண்ணின் தாய்மார்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரின்மீது பழி சுமத்த நாம் இதைக் கூறவில்லை. நோய்க்கு ஊரும் இல்லை, மதமும் இல்லை.

நோய் பற்றும் வேகமும் பெண்ணுக்கு அதிகம். ஒரே அளவு மதுவை ஆணும் பெண்ணும் அருந்தினால், பெண்ணின் இரத்தத்திலே அது கூடுதலாகச் சேர்கிறது. அவளுடைய ஈரல் ஆணின் ஈரலைவிட விரைவிற் கெடுகிறது. ஆகவே அவள் முந்தி வரவேண்டியவள். வருபவளோ பிந்தித்தான் வருகிறாள்.

பூட்டு மருந்தாகுமா?

நம் நாட்டின் வழி என்ன? 1984 இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்மேல் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப இடமளித்தது. பொலன்னறுவையின் கந்தக்காட்டிலே இராணுவத்தினரின் பொறுப்பில் ஆண்களுக்கான நிலையம் நடந்தது. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்தார், கலகம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடினர். நலம்பெற வந்தவன் எதற்காக ஓடுகிறான் என்று கேட்க வேண்டாமா?

அதே ஆண்டு வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முழுமையுமே அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் முடிவு கூறியது. திருத்தங்களின் பின்னரே 2023 இல் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுங்கள் என்று ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 இலேயே கூட்டாகக் கேட்டுக்கொண்டதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

கடுங்குடிக்குப் பழகிய உடலுக்கு மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். ஹெரோயினுக்கு அடிமையான கர்ப்பிணி அதனைத் திடீரென நிறுத்துவது கருவுக்கே ஆபத்து. அத்தகையவளுக்கு மாற்று மருந்து கொடுத்துப் பேணும்படி உலக சுகாதார நிறுவனம் 2014 இல் வழிகாட்டியிருக்கிறது. காவலாளி இதனைச் செய்வானா? வைத்தியரும் தாதியருமே செய்ய முடியும்.

சேயைப் பிரித்தால் தாய் வருவாளா?

தங்கியிருந்து பெறும் சிகிச்சை என்றால் என்ன? முதற் சில நாட்கள் நஞ்சு நீங்க வைத்தியம். பின்னர் பல வாரங்கள் மனத்தைத் தேற்றும் ஆலோசனை. வீடு திரும்பியபின் மாதக்கணக்கிலே தொடர் கவனிப்பு. இம்மூன்றும் சேர்ந்தால்தான் சிகிச்சை. இடையிலே ஒரு தடவை வழுக்கி விழுந்தாலும், நீரிழிவுக்காரரை மீண்டும் ஏற்பதுபோல் அவளையும் ஏற்க வேண்டும்.

இத்தனை வாரம் பெண் வீட்டை விட்டிருக்க வேண்டுமே! பிள்ளையை யார் பார்ப்பார்? இக்கேள்விக்கு விடையில்லாத நிலையத்துக்கு எந்தத் தாயும் வரமாட்டாள். சிறையிலேகூட, பால்மணம் மாறாத பிள்ளையைத் தாயோடு இருக்க விடுகிறார்கள். குற்றவாளிக்கு உள்ள அந்த உரிமை நோயாளிக்கு இல்லையா?

ஆண்கள் நடமாடும் விடுதியிலே நம் பெண்கள் தங்கமாட்டார்கள். தங்கச் சொல்வதும் முறையன்று. பணியாளர் பெண்களாக இருக்க வேண்டும். ஆலோசனை என்பது பேச்சினாலே செய்யும் வைத்தியம். ஆகவே அது அவள் தாய்மொழியாம் தமிழிலே நடக்க வேண்டும். தன் துயரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாக எந்தப் பெண் கொட்டுவாள்? கட்டுப்பாட்டுச் சபையின் பழைய நிலையங்கள் தலங்கமையிலும் கண்டியிலும் காலியிலும் நிட்டம்புவையிலும் எழுந்தன. கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்து அவை எவ்வளவு தூரம் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

முடியாத காரியமா?

இல்லை. சென்னையிலே, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980 இல் அவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தோற்றுவித்தார். நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. 1989 இல் அந்நிலையம் தஞ்சைச் சீமையின் மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று 15 நாள் முகாம் நடத்தியது. நகரத்துக்கு வர முடியாதவனைத் தேடிச் சிகிச்சை கிராமத்துக்குப் போயிற்று! பஞ்சாபின் கபூர்தலாவிலே அரசாங்க வைத்தியசாலையோடு இணைந்து பெண்களுக்கெனத் தனி நிலையம் எழுந்தது. அங்கே முடிந்தது கிழக்கிலே முடியாதா?

படகுப்பாதையை நம்பியிருந்த கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் வந்தது. இன்று அந்தப் பாலம் வேண்டாத செலவு என்று கூற ஒருவராவது உண்டா? சில தேவைகள் நிறைவேறிய பின்னரே அவற்றின் அருமை தெரிகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கிழக்கு மாகாணத்திலே வைத்தியசாலை ஒன்றோடு இணைந்த பெண்கள் சிகிச்சை இல்லம் வேண்டும். அது சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும், படையினர் பொறுப்பிலன்று. விரும்பி வருபவளை ஏற்கவேண்டும். அவள் பெயர் பொலிஸ் ஏட்டிலே ஏறக்கூடாது. பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும். திரும்பிய பின் தொழிலுக்கும் தொடர் கவனிப்புக்கும் வழி வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. பள்ளிவாசலிலும் கோயிலிலும் குரல் கொடுப்போரே! இது பாவக்கதை அன்று, நோய் என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது கூறுங்கள். ஒரு திருவிழா நாளிலாவது கூறுங்கள். குடித்த மகன் திரும்பி வந்தால் சோறு போடும் வீடு, குடித்த மகள் திரும்பி வந்தால் கதவைச் சாத்துகிறது. அக்கதவு திறவாதவரை அரசாங்கம் எத்தனை இல்லம் கட்டினாலும் அவை வெறுங் கட்டிடங்களே.

தாய்மார்களே! இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி உங்கள் கையெழுத்தோடு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். நோயுற்ற மகளுக்காகத் தாய் கேட்பதை மறுக்கும் துணிவு எந்த ஆட்சிக்கும் எளிதில் வராது.