இணையவழித் திரையும் இணைப்பின் நெருக்கடியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா நான்; பள்ளியிறுதித் தேர்வுக்கு அப்பால் கல்லாதவன். இணையத்தைப் பற்றிப் பேச இவனுக்கென்ன உரிமை என்று சிலர் வினவலாம். மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறேன். மாலைதோறும் திரையிலே வட்டம் சுற்றக் காண்கிறேன். இதனினும் மேலான உரிமை வேறு வேண்டுமோ?

கரக்பூரில் வாழும் நமக்கும் ஊருக்கும் இடையே இன்று பாலமாக நிற்பது கைப்பேசியின் திரையே. இரவு ஏழரை மணிக்குக் கிரிக்கெட் ஆட்டம் தொடங்குகிறது. அதே வேளையில்தான் ஊரிலுள்ள தாயார் பேரனைக் காண அழைக்கிறார். அவர் முகம் பாதிச் சொல்லிலே உறைந்து நின்றுவிடுகிறது. மறு அறையில் மகளின் பாடவகுப்பு அறுந்து போகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்று எழுதித் தந்த இணைப்பு எங்கே போயிற்று?

வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையின்மேல் பழி சுமத்துவோர் உண்டு. அது பொருந்தாது. வழக்கமான இழை அமைப்பிலே ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக் கொள்கின்றன. அதன் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். தெளிவான எச்.டி. படத்திற்கு 5 மெகாபிட் போதும். 64 வீட்டாரும் ஒருசேரப் படம் பார்ப்பினும் 320 தானே ஆகிறது? பெரும்பாதை காலியாகவே கிடக்கும்.

நெருக்கடி அதற்கும் மேலே இருக்கிறது. இணைப்பு தருபவர் பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக அலைவரிசை வாங்கி, அதனைப் பலருக்கும் பிரித்து விற்கிறார். ஒருவர்க்குரிய அளவை ஐம்பது வீடுகள் வரை பங்கிடலாம் என்று டிராய் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறியிலேயே இடமிருந்தது. இதில் வஞ்சகம் இல்லை. நமக்கெல்லாம் இரயில்வே பாஸ் இருக்கிறது; எல்லாரும் ஒரே நாளிலா வண்டி ஏறுகிறோம்? ஆனால் துர்கா பூஜைக்கு முதல்நாள் பிளாட்பாரத்தைப் பாருங்கள்! கடிதமும் செய்தியும் படித்த காலத்தில் ஒருவர் படிக்கையில் மற்றவரின் பங்கு சும்மா இருந்தது. காணொளியோ இடையறாது ஓடும் வெள்ளம். 100 மெகாபிட்டை ஐம்பது வீடுகள் ஒரே நொடியில் கேட்டால் வீட்டுக்கு இரண்டே மிஞ்சும். ஐந்து வேண்டிய படம் நிற்காமல் என்ன செய்யும்?

பழைய தொலைக்காட்சி தெருவிளக்கைப் போன்றது. பத்துப் பேர் நின்றாலும் பதினாயிரம் பேர் நின்றாலும் எண்ணெய்ச் செலவு ஒன்றே. இணையவழிக் காட்சியிலோ வீட்டுக்கு வீடு தனி விளக்கு, தனி எண்ணெய். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடி இணைப்புகளில் கண்டனர் என்றால், அத்தனை தனித்தனி ஓடைகள் என்பது பொருள். திரைப்படமாயின் ஊருக்கு ஊர் கிடங்கு வைத்தாற்போல முன்னரே பிரதியைச் சேமித்து வைக்கலாம். நெட்பிளிக்ஸ் முதலியோர் பெரிய இணைப்பாளர்களின் நிலையங்களில் அவ்வாறே வைக்கின்றனர். அந்தந்த நொடியில் நிகழும் ஆட்டத்தை முன்னரே சேமிப்பது எங்ஙனம்?

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கு தொடங்குமுன்பே, 24-ஆம் தேதியன்று, காணொளி நிறுவனங்கள் கூடி, கைப்பேசி வலைப்பின்னல்களில் படத்தின் தெளிவை 480 வரிகளுக்கு மேற்படாமல் ஏப்ரல் 14 வரை குறைக்க ஒப்புக்கொண்டன. தெளிவைச் சற்றே குறைத்தால் பாதை எவ்வளவு இளகும் என்பதற்கு இது சான்று.

இனி, செலவை யார் ஏற்பது என்னும் வழக்கு. எம் பாதையில் உம் சரக்கு. ஆகவே வாடகை தருக என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காணொளி நிறுவனங்களைக் கேட்கின்றன. தென்கொரியாவில் எஸ்.கே. பிராட்பேண்டும் நெட்பிளிக்ஸும் இதற்காகவே நீதிமன்றம் ஏறி, 2023 செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டன. என் எளிய கருத்து வேறு. அச்சரக்கை வரவழைத்தவர் நாமே. அதற்கு நாமே கட்டணமும் செலுத்திவிட்டோம். 100 என்று விற்றவர், வாங்கியவன் நூறையும் கேட்டால் முகம் சுளிப்பது முறையன்று. எனினும் நம் வட்டாரத்துக் கேபிள்காரரின் நிலை இரங்கத்தக்கதே. பெருநிறுவனங்கள் விலையைத் தாழ்த்த, அவரும் தாழ்த்துகிறார். மேலே வாங்கும் அளவை உயர்த்தப் பணமில்லை. நம் தண்டவாளத்தின் ஓரத்திலேயே, 2000-ஆம் ஆண்டில் தோன்றிய இரயில்டெல்லின் இழைகள் ஓடுகின்றன என்பதையும் ஈண்டு பெருமையோடு நினைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. 4கே படம் நொடிக்கு 15 மெகாபிட் வரை விழுங்கும், அதனை எச்.டி.யாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்கே. கைப்பேசியின் சிறு திரைக்கு அதற்கும் குறைந்த தெளிவு போதும். பின்னிரவில் பதிவிறக்கி வைத்த படத்தை மாலையில் பார்க்கலாம். தொலைக்காட்சிக்கு ரௌட்டரிலிருந்து நேரே கம்பி இழுத்துவிட்டால், வைஃபையின் குறையா வெளிப்பாதையின் குறையா என்பதும் விளங்கிவிடும்.

கேபிள்காரர் அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று நம் படிப்பகத்திற்கு வர இசைந்துள்ளார். இக்காலனிக்காக மேலே எவ்வளவு வாங்குகிறார், அதனை எத்தனை வீடுகள் பங்கிடுகின்றன என்னும் இரண்டையும் கேட்போம். வெறும் முறையீடு அவரிடம் செல்லாது, கணக்கு வேண்டும். படிப்பக மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். படம் நின்ற நாளையும் மணியையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் அதில் அன்புகூர்ந்து எழுதி வாருங்கள்.